குரோதி வருடக் காதல்: வாசகர் கேள்வி – பதில்

குயர் காதல் (தன்பால் ஈர்ப்புள்ளவர்களின் காதல்) நாவலுக்குள் காலப்பயணத்தைக் கொண்டுவருவது பற்றிக் கேள்விகள் அனுப்பச் சொல்லி வாசகர்களைக் கேட்டிருந்தோம். ராமநாதபுரம் வாசகி ஒருவர் தன் நாவலின் கதைச்சுருக்கத்தையே அனுப்பிவிட்டார். நல்ல கதை, அவர் மாட்டிக்கொண்டிருக்கும் சிக்கலும் நல்ல சிக்கல். அதனால் மற்றவர்களின் கேள்விகளுக்கும் முடிந்த இடங்களில் அந்தக் கதையை வைத்தே பதில் சொல்லியிருக்கிறோம்.

கேள்வி: என் நாயகி 2024இல் புதிய பாம்பன் ரயில் பாலத்தில் வேலை பார்க்கும் இன்ஜினியர், வயது 28. தனுஷ்கோடியில் இடிந்து கிடக்கும் ரயில் நிலையத்துக்குள் நுழைந்தால் 1964க்குப் போய்விடுகிறாள். அங்கே 24 வயது பள்ளி ஆசிரியை ஒருத்தியோடு காதல். டிசம்பர் 22 இரவு புயல் வரும் என்று இன்ஜினியருக்குத் தெரியும். சொன்னால் வரலாறு மாறிவிடும். சொல்லாவிட்டால் அவளைவிடக் கல்நெஞ்சக்காரி இல்லை. 12ஆம் அத்தியாயத்தில் நின்றுவிட்டேன். (ராமநாதபுரம்)

பதில்: நீங்கள் நின்றது 12ஆம் அத்தியாயத்தில், கோளாறு இருப்பதோ முதல் அத்தியாயத்துக்கும் முன்னால். உங்கள் கதையில் கடந்த காலத்தை மாற்ற முடியுமா, முடியாதா? அதை நீங்கள் தீர்மானிக்கவே இல்லை. தீர்மானிக்காமல் எழுதினால் எல்லாக் காலப்பயணக் கதையும் நடுவில் நின்றுதான் போகும்.

வழி மூன்று. முதலாவது, மாறும் காலம். இன்ஜினியர் எச்சரிக்கிறாள், ஊர் காலியாகிறது. புயலை நிறுத்த முடியாது என்பதால் கட்டடங்கள் எப்படியும் போய்விடும். ஆனால் சாக வேண்டியவர்கள் பிழைத்துவிடுவார்கள். அவர்களுக்குப் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் என்று அறுபது வருடத்து மனிதர்கள் 2024க்குள் புதிதாக வந்து நிற்பார்கள். நீங்கள் ஏற்கெனவே எழுதிய 2024 அத்தியாயங்கள் ஒவ்வொன்றையும் திருப்பி எழுத வேண்டும். அதோடு, இது நிஜமாக நடந்த சாவு. இறந்தவர்களின் குடும்பங்கள் இன்றும் அந்தக் கரையில் இருக்கின்றன. கற்பனையில் அத்தனை பேரையும் காப்பாற்றிவிட்டுக் காதலுக்குத் திரும்புவது அவர்கள் காதில் எப்படி விழும் என்று யோசியுங்கள்.

இரண்டாவது, கிளைக் காலம். காப்பாற்றினால் உலகம் இரண்டாகப் பிரியும். அறிவியல் கதைக்கு இது வசதி, காதல் கதைக்கு விஷம். ‘நான் காதலித்தது எந்தக் கிளையில் இருக்கும் டீச்சரை?’ என்ற கேள்வி வந்த கணத்தில் வாசகரின் பிடி தளர்ந்துவிடும்.

மூன்றாவது, மாறாக் காலம். இன்ஜினியர் அங்கே போய் என்ன செய்தாலும் அது ஏற்கெனவே நடந்ததுதான். ஓட்டை இல்லாத விதி. ஆனால் பாத்திரங்கள் நூலில் ஆடும் பொம்மைகள் ஆகிவிடும் ஆபத்து உண்டு. அதற்கு ஒரு திருத்தம் போட்டால் உங்கள் கதை ஓடிவிடும்: ஆவணத்தில் பதிவானது மாறாது, பதிவாகாதது எதுவும் திறந்தே இருக்கிறது.

ஒரு தாளை நடுவில் மடித்து இரண்டு பட்டியல் போடுங்கள். இடப்பக்கம், பதிவில் இருப்பவை: டிசம்பர் 22 நள்ளிரவை ஒட்டிக் கடல் ஊருக்குள் வந்தது; பாம்பனிலிருந்து தனுஷ்கோடி நோக்கி வந்த பாசஞ்சர் ரயிலைக் கடல் கொண்டுபோனது, அதில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள்; பாம்பன் பாலத்தின் 145 கண்களில் 126இன் கர்டர்கள் (தாங்கும் இரும்பு உத்தரங்கள்) போயின, கப்பலுக்குத் திறக்கும் நடுப்பகுதி நின்றது; பாலம் 46 நாளில் சரிசெய்யப்பட்டது; தனுஷ்கோடி குடியிருக்கத் தகாத ஊர் என்று அரசு அறிவித்தது. இவற்றில் ஒன்றைக்கூட உங்கள் நாயகி தொடக்கூடாது. தொட முயலலாம், தோற்க வேண்டும். ரயிலை நிறுத்தச் சொல்லி ஸ்டேஷன் மாஸ்டரிடம் போகும் காட்சி கட்டாயம் வேண்டும். போகாவிட்டால் வாசகர் அவளை மன்னிக்க மாட்டார்.

வலப்பக்கம், பதிவில் இல்லாதவை. இறந்தவர்களின் மொத்த எண்ணிக்கையே இன்றுவரை ஏறத்தாழ என்றுதான் சொல்லப்படுகிறது. அன்று மதியம் யார் யார் ஊரைவிட்டுக் கிளம்பினார்கள், எந்த வீட்டுப் பிள்ளை ராமேஸ்வரத்தில் சொந்தக்காரர் வீட்டில் தங்கியது, எதுவும் பதிவில் கிடையாது. ஒரு டீச்சர் எட்டுப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பகல் வண்டியில் கிளம்பினால் எந்த ஆவணமும் அதை மறுக்காது. முக்கியமாக, இரண்டு பெண்கள் ஒருவரை ஒருவர் நேசித்தார்கள் என்பதை 1964இல் எந்தப் பதிவேடும் எழுதி வைத்திருக்காது. வரலாறு இவர்களை எழுதாமல் விட்ட இடைவெளிதான் உங்கள் விதிப்படி இவர்களுக்குக் கிடைக்கும் சுதந்திரம். குயர் கதைக்கென்றே அமைந்த விதி இது. கணவன் மனைவி கதையில் வேலை செய்யாது; அவர்களுக்குக் கல்யாணப் பத்திரிகையும் ரேஷன் கார்டும் இருந்துவிடும்.

கேள்வி: மெஷின், மின்னல், மாயக்கண்ணாடி எல்லாம் பார்த்துச் சலித்துவிட்டது. கதவு திறப்பதற்கு வேறு என்ன காரணம் சொல்லலாம்? அறிவியல் விளக்கம் எவ்வளவு வேண்டும்? (சேலம்)

பதில்: விளக்கம் அரைப் பக்கத்துக்கு மேல் போனால் வாசகர் ஓட்டை தேட ஆரம்பிப்பார். எப்படித் திறக்கிறது என்பதைவிட எப்போது மூடும் என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள். காதல் கதைக்குக் கெடு வேண்டும்.

நம் பஞ்சாங்கமே ஒரு கதவு வைத்திருக்கிறது. பிரபவ முதல் அட்சய வரை அறுபது வருடப் பெயர்கள். அறுபது முடிந்ததும் திரும்ப முதலிலிருந்து. 1964 சித்திரை முதல் 1965 பங்குனி வரை குரோதி வருடம். 2024 சித்திரை முதல் 2025 பங்குனி வரை மறுபடியும் குரோதி. தனுஷ்கோடிப் புயல் நடந்த வருடத்தின் பெயர் சரியாக ஒரு சுற்றில் திரும்பி வருகிறது. இரண்டு குரோதிகளும் ஒட்டிக்கொண்டிருக்கும் வரை கதவு திறந்திருக்கும், விசுவாவசு பிறந்தால் மூடிவிடும் என்று வையுங்கள். அடுத்த குரோதி 2084இல். அப்போது இன்ஜினியருக்கு 88 வயது. கெடுவின் கனம் வாசகருக்குத் தானாகவே புரிந்துவிடும், வசனம் தேவையில்லை.

பாலமும் ஒத்துழைக்கிறது. முதல் குரோதியில் புயலால் பாலம் அறுந்தது, அந்த வருடம் முடிவதற்குள் ரயில் திரும்ப ஓடியது. இரண்டாவது குரோதி பிறந்தபோது பழைய பாலத்தில் ரயில் நின்று ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. புதிய பாலம் திறக்கப்பட்டது 2025 ஏப்ரல் 6இல், குரோதி முடிய ஒரு வாரம் இருக்கும்போது. இதை ஒரு எழுத்தாளர் கற்பனை செய்து எழுதினால் ‘ரொம்பச் செயற்கை’ என்பார்கள். நிஜத்தில் நடந்ததால் துணிந்து பயன்படுத்தலாம்.

ஒரு பொறி மட்டும் உண்டு. வருடப் பெயரும் தமிழ் மாதமும் ஒத்துப்போகும், கிழமை ஒத்துப்போகாது. 1964 டிசம்பர் 22 செவ்வாய். 2024 டிசம்பர் 22 ஞாயிறு. அந்த வருடம் முழுக்க, பழைய கிழமையோடு ஐந்தைக் கூட்டினால் புதிய கிழமை வரும். இதையே கதைக்குப் பயன்படுத்துங்கள்: டீச்சர் அறையில் தொங்கும் நாள்காட்டியில் ‘குரோதி, மார்கழி’ என்று பார்த்து இன்ஜினியர் சந்தேகப்படவில்லை, கீழே கிழமையைப் பார்த்ததும்தான் வயிற்றைக் கலக்குகிறது. நிலாவும் மாறும். 1964இல் அந்த மாதப் பௌர்ணமி டிசம்பர் 19. 2024இல் டிசம்பர் 15. பௌர்ணமி நிலவில் டீச்சரை முத்தமிட்டுவிட்டுக் கதவைத் தாண்டி வருபவளுக்கு இந்தப் பக்கம் நான்கு நாள் தேய்ந்த நிலாதான் காத்திருக்கும், அதுவும் நேரம் கழித்துத்தான் உதிக்கும்.

கடிகாரத்தைப் பற்றிக் கவலை வேண்டாம், 1964இலும் இந்திய நேரம் இதேதான். கதையை 1943, 44 பக்கம் கொண்டுபோகிறவர்கள்தான் உஷாராக இருக்க வேண்டும். போர்க்காலத்தில், 1942 செப்டம்பர் முதல் 1945 அக்டோபர் வரை, கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னால் ஓடியது.

கேள்வி: பழைய காலத்தை எழுதும்போது சிறுபிழைகள் வந்துவிடுகின்றன. எதையெல்லாம் சரிபார்க்க வேண்டும்? (மதுரை)

பதில்: பழைய காலத்தில் வரும் பிழையைவிட 2024இல் வரும் பிழைதான் அதிகம். தெரிந்த காலம்தானே என்று யாரும் சரிபார்ப்பதில்லை. ராமநாதபுரம் வாசகியின் சுருக்கத்திலேயே 2024 டிசம்பரில் இன்ஜினியர் சென்னையிலிருந்து ரயிலில் வந்து ராமேஸ்வரத்தில் இறங்குகிறாள். முடியாது. 2022 டிசம்பரிலேயே பழைய பாலத்தில் ரயிலை நிறுத்திவிட்டார்கள். வண்டி மண்டபத்தோடு சரி, அங்கிருந்து பஸ்ஸோ ஆட்டோவோதான். அவளே பாலத்து இன்ஜினியர் என்பதால் இந்தப் பிழை இன்னும் உறுத்தும். தனுஷ்கோடிக்கும் அரிச்சல்முனைக்கும் 2017இலிருந்து தார்ச்சாலை இருக்கிறது, ஆனால் பொழுது சாய்ந்தால் சுற்றுலா வருபவர்களை வெளியே அனுப்பிவிடுவார்கள். 2024இல் இரவுக் காட்சி வேண்டுமென்றால் அவள் அங்கே தங்கியதற்கு ஒரு வழி சொல்லியாக வேண்டும்.

1964க்கு வருவோம். மாநிலத்தின் பெயர் மெட்ராஸ். தமிழ்நாடு என்று மாறியது 1969 ஜனவரியில். கடலுக்கு அந்தப் பக்கம் சிலோன். கடிதத்தில் பின்கோடு கிடையாது, அது 1972 ஆகஸ்டில் வந்தது. முதலமைச்சர் பக்தவத்சலம். நேரு இறந்து ஏழு மாதம் ஆகிறது, பிரதமர் சாஸ்திரி. அந்த அக்டோபர் 30இல்தான் சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது; சிலோன் தேயிலைத் தோட்டப் பகுதிகளில் இருந்த மலையகத் தமிழர்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்வதாகச் சொன்னது. எழும்பூரிலிருந்து வரும் போட் மெயில், தனுஷ்கோடித் துறையில் கப்பல், தலைமன்னாரில் மறுபடி ரயில் என்ற பாதையில்தான் அந்த ஊரே வாழ்ந்தது. அப்படிப்பட்ட ஊரில் நவம்பர், டிசம்பர் மாதங்களில் டீக்கடையில் பேச்சு எதைப் பற்றி இருக்கும்? உங்கள் டீச்சரின் சித்தி மகள் கண்டியில் இருந்தால் அந்தக் குடும்பத்தில் என்ன குழப்பம்? காதலைத் தவிர வேறெதுவும் நடக்காத 1964 நாடக செட் மாதிரி இருக்கும்.

காசு விஷயத்தில் நிறைய பேர் சறுக்குகிறார்கள். அணா கணக்கு 1957 ஏப்ரலிலேயே சட்டப்படி முடிந்தது. பேச்சில் மட்டும் நாலணா, எட்டணா தொடர்ந்தது. 1964 ஜூன் முதல் ‘நயா பைசா’வில் நயாவும் போனது. இன்ஜினியர் பையில் இருக்கும் எந்த நோட்டும் அங்கே செல்லாது. அவளிடம் விற்கத்தக்கது கழுத்துச் சங்கிலி ஒன்றுதான். அதிலும் வில்லங்கம்: 1963 ஜனவரியில் வந்த தங்கக் கட்டுப்பாட்டு விதிகள் புது நகையை 14 காரட்டுக்குள் அடக்கப் பார்த்த காலம் அது. பிறகு கொஞ்சம் தளர்த்தினார்கள் என்றாலும், பட்டறையில் ஆசாரி ஒரு சங்கிலியை உரசிப் பார்க்கிறார், 22 காரட், தேய்மானமே இல்லை, கொக்கியில் 916 என்று பொடி எழுத்து. ‘இதை எந்த ஊர்லம்மா செஞ்சது?’ என்று கேட்பார். போலீஸ் துரத்தும் காட்சியைவிட இந்தக் காட்சியில் திகில் அதிகம், செலவும் குறைவு.

மொபைலை எடுத்துக்கொண்டு போகட்டும். சிக்னல் இல்லை, சார்ஜ் இருக்கும் வரை கேமரா. எடுத்த போட்டோக்கள் 2024க்குத் திரும்பும்போது போனில் இருக்குமா, இருக்காதா என்பதையும் விதியாக முன்பே எழுதி வையுங்கள்.

கேள்வி: என் கதையில் 1960களில் இரண்டு பெண்களை 377ஆவது பிரிவில் போலீஸ் கைது செய்கிறது. சரிதானே? (சென்னை)

பதில்: அப்படியே வைத்தால் நம்பும்படி இருக்காது. 1860இல் இயற்றி 1862இல் நடைமுறைக்கு வந்த இந்திய தண்டனைச் சட்டத்தின் 377, ‘இயற்கைக்கு மாறான’ உறவுக்கு ஆயுள் அல்லது பத்தாண்டு வரை தண்டனை வைத்திருந்தது உண்மை. ஆனால் ஊடுருவல் நடந்தால்தான் குற்றம் என்று அந்தப் பிரிவிலேயே விளக்கம் இருந்தது. பெண்கள்மீது வழக்கு அதில் நிற்பது கடினம். சிலோனில் இருந்த 365ஏ பிரிவு அப்போது ஆண்களை மட்டுமே சொன்னது. 1995இல்தான் பெண்களையும் உள்ளே இழுத்தார்கள்.

உங்கள் நாயகிகளுக்கு ஆபத்து வரும் வழி வேறு. பெண் பார்க்க வருவார்கள். அப்பா பள்ளி நிர்வாகத்துக்கு ஒரு கார்டு போடுவார், வேலை போகும். வீட்டைவிட்டுப் போனால் ‘பெண்ணைக் காணோம்’, ‘கடத்திவிட்டார்கள்’ என்று புகார் வரும். போலீஸ் அந்த வழியாகத்தான் உள்ளே வரும். அந்த வழி இன்றும் அடைபடவில்லை. 2021 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் கொடுத்த பேர்பெற்ற உத்தரவே, வீட்டைவிட்டு வந்த இரண்டு பெண்களின் பெற்றோர் கொடுத்த காணவில்லைப் புகாரிலிருந்து பிறந்ததுதான். பாலின ஈர்ப்பை ‘மாற்றும்’ சிகிச்சைக்குத் தடை போட்டது அந்த உத்தரவு. ஆகவே 1964இல் ஒரு புகார், 2024இல் ஒரு புகார் என்று இரண்டையும் எதிரெதிரே வைத்தால், நீதிமன்றக் காட்சி இல்லாமலே சட்டத்தின் கதையைச் சொல்லிவிடலாம்.

தேதிகளைக் குறித்துக்கொள்ளுங்கள்: 2009 ஜூலை 2, டெல்லி உயர் நீதிமன்றம் 377இன் பிடியைத் தளர்த்தியது. 2013 டிசம்பர் 11, உச்ச நீதிமன்றம் அதைத் திருப்பிப் போட்டது. 2018 செப்டம்பர் 6, வயது வந்தோரின் சம்மத உறவு குற்றமல்ல என்றது. 2023 அக்டோபர் 17, திருமண உரிமை இல்லை என்றது. 2024 ஜூலை முதல் தண்டனைச் சட்டமே மாறி பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. அதில் 377 போன்ற பிரிவே கிடையாது. எனவே 2024 டிசம்பரில் ஒரு போலீஸ்காரர் ‘377 போட்டுருவேன்’ என்று மிரட்டினால், அவர் வெறுமனே மிரட்டுகிறார் என்பது உங்கள் இன்ஜினியருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

கேள்வி: 1966 லண்டன். யாழ்ப்பாணத்திலிருந்து படிக்க வந்த 20 வயது மாணவனும் 2020களிலிருந்து போகும் ஒருவனும். 1967இல் சட்டம் மாறியதும் இருவரும் விடுதலையாகக் கொண்டாடுவதாக முடிக்கலாமா? (லண்டன்)

பதில்: மாணவனுக்கு 21 ஆகும் வரை முடியாது. 1967 ஜூலை 27இல் வந்த சட்டம் ஆண்களுக்கிடையிலான உறவு குற்றமல்ல என்றது, ஆனால் இருவருமே 21 நிறைந்தவர்களாக இருக்க வேண்டும் என்றது. அதுவும் தனியிடத்தில் மட்டும். மூன்றாவது ஆள் அங்கே இருந்தாலே தனியிடம் ஆகாது. ராணுவத்தினருக்கும் வணிகக் கப்பல் ஊழியருக்கும் இந்தச் சலுகை கிடையாது. இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் மட்டுமே செல்லும். எடின்பரோவுக்கு ரயில் ஏறினால் பழைய சட்டம், ஸ்காட்லாந்தில் மாறியது 1980இல். நான்கு மாணவர்கள் சேர்ந்து தங்கும் வாடகை வீட்டில் ‘தனியிடம்’ எங்கே கிடைக்கும் என்பதே ஒரு முழு அத்தியாயம். கொண்டாட்டத்தைத் தள்ளிப்போடுங்கள், பையனின் 21ஆவது பிறந்தநாளைக் கதையின் கெடுவாக்குங்கள். சில்லறையை எழுதும்போது பவுண்டுக்கு 20 ஷில்லிங், ஷில்லிங்குக்கு 12 பென்ஸ். தசமக் கணக்கு 1971 பிப்ரவரியில்தான்.

கேள்வி: 1964 பெண்ணும் 2024 பெண்ணும் ஒருவரை ஒருவர் எப்படிக் கூப்பிடுவார்கள்? பழைய தமிழில் எழுத வேண்டுமா? (திருநெல்வேலி)

பதில்: டீச்சரைச் செந்தமிழில் பேசவிடாதீர்கள். அறுபது வருடத்துக்கு முந்தைய பேச்சு நம் பாட்டிகளின் பேச்சுதான். தூரத்தை மைலில் சொல்வார், சினிமாவைக் கொட்டகையில் பார்ப்பார், சிலோன் ரேடியோ கேட்பார். மாற வேண்டியது இன்ஜினியரின் பேச்சு. அவள் வாயிலிருந்து வரும் ‘ஓகே, செக் பண்றேன், டென்ஷன் ஆகாதீங்க’ எல்லாவற்றிலும் டீச்சர் எதைப் புரிந்துகொள்வார், எதைத் திருப்பிக் கேட்பார் என்று பாருங்கள். டீச்சருக்குப் பள்ளி ஆங்கிலம் தெரியும். சொல் புரியும், அதை ஏன் அப்படிச் சொல்கிறாள் என்பதுதான் புரியாது. பெண் இன்ஜினியரா என்று ஆச்சரியப்படுவார், அது நடக்காத காரியம் என்று சொல்ல மாட்டார். கிண்டி இன்ஜினியரிங் கல்லூரியில் 1940களிலேயே பெண்கள் படித்துப் பட்டம் வாங்கியிருக்கிறார்கள்.

கூப்பிடுவதில்தான் சுவாரசியம். ஊர் வழக்கப்படி தெரியாத பெண்ணை ‘அக்கா’ என்பார்கள். யார் யாருக்கு அக்கா? உடம்புக்கு இன்ஜினியர் நான்கு வயது மூத்தவள். பிறந்த வருடத்தைப் பார்த்தால் டீச்சர் 56 வருடம் மூத்தவள். டீச்சர் முதல் நாள் ‘அக்கா’ என்று கூப்பிட்டுவிட்டால் அது காதலுக்கு நடுவில் ஒரு வேலி. இன்ஜினியர் அதைக் கழற்றப் படாதபாடு படட்டும். இவள் ‘டீச்சர்’ என்றே கூப்பிடலாம், ஊரே அப்படித்தான் கூப்பிடும், யாருக்கும் சந்தேகம் வராது. பிறகு நாலு பேர் முன்னால் ‘வாங்க டீச்சர்’, அறைக்குள் ‘வா’. ‘நீங்கள்’ என்பதிலிருந்து ‘நீ’ என்பதற்கு எந்தப் பக்கத்தில் இறங்குகிறார்கள் என்பதைத் திட்டமிட்டு வையுங்கள். எங்களைக் கேட்டால் முதல் முத்தத்துக்கு முந்தைய காட்சியில், ஏதோ ஒரு சண்டையில், வாய் தவறி.

டீச்சர் தன்னை என்ன சொல்லிக்கொள்வார்? எதுவும் சொல்லிக்கொள்ள மாட்டார். குயர், லெஸ்பியன், தன்பால் ஈர்ப்பு எல்லாம் இன்ஜினியரின் சொற்கள். டீச்சருக்கு அவற்றை விளக்கும் பாடக் காட்சி ஒன்று எல்லோருமே எழுதுகிறார்கள். வெட்டிவிடுங்கள்.

கேள்வி: கடித வடிவில் எழுதுகிறேன். இருவருமே ஆண்கள் என்பதை ஐந்தாம் அத்தியாயம் வரை மறைத்துத் திருப்பம் வைக்கலாம் என்று எண்ணம். தமிழில் ‘வந்தேன், போனேன்’ என்பதில் பால் தெரியாதே! (கோவை)

பதில்: மூன்றாம் ஆள் யாரும் இவர்களைப் பற்றிப் பேசாத வரை மறைக்கலாம். ஒரு அண்ணி வந்து ‘அவன் சாப்பிட்டானா?’ என்றால் முடிந்தது. ஆனால் ஏன் மறைக்க வேண்டும்? குயர் காதல் நாவல் என்று தெரிந்துதான் வாசகர் வாங்குகிறார். இருவரும் ஆண்கள் என்பதைத் திருப்பமாக வைத்தால் அவர்களை அதிர்ச்சிப் பொருளாக்குகிறீர்கள். கடிதங்கள் வேறு வேறு வருடத்திலிருந்து வருகின்றன என்பதை மறையுங்கள். அதுதான் உங்கள் திருப்பம்.

கேள்வி: முடிவு சோகமாக இருந்தால்தான் இலக்கியம் என்கிறார் என் நண்பர். தனுஷ்கோடிக் கதையை எப்படி முடிப்பது? (திருச்சி)

பதில்: புயல் வருகிறது, டீச்சர் கடலோடு போகிறார், இன்ஜினியர் மணலில் அழுகிறாள். இதை வேண்டாம் என்பதற்கு இரண்டு காரணம். பெண்ணை நேசித்த பெண்ணைக் கடைசியில் சாகடிப்பது எல்லா மொழியிலும் எழுதித் தேய்ந்துபோன முடிவு. அதைவிட முக்கியம், காதல் நாவல் என்று அட்டையில் போட்டால் இருவரும் சேர்ந்தாக வேண்டும், அது அந்த வகைமையின் ஒப்பந்தம். சோகம் வேண்டுமானால் அட்டையிலிருந்து காதல் நாவல் என்பதை எடுத்துவிடுங்கள்.

சேர்வதற்கு இரண்டு வழி. இன்ஜினியர் 1965இலேயே தங்கிவிடலாம். அப்படியானால் அவளுக்கு 60 வயதாகும்போது, 1996இல், அவளே குழந்தையாகப் பிறப்பாள். 2024இல் 88 வயதுக் கிழவி ஒருத்தி ராமேஸ்வரத்தில் உட்கார்ந்திருப்பாள். முதல் அத்தியாயத்திலேயே யாரோ ஒரு பாட்டி கடந்து போயிருக்க வேண்டும். வேலை அதிகம், பலனும் அதிகம்.

டீச்சர் 2024க்கு வருவது இன்னொரு வழி. எங்கள் ஓட்டு இதற்கு. வந்தபின் என்ன நடக்கும் என்பதை யாருமே எழுதுவதில்லை. 24 வயதுப் பெண், கையில் இருக்கும் எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தில் பிறந்த வருடம் 1940. ஆதார் இல்லை. 18 வயதுக்கு மேல் முதன்முறை ஆதார் எடுப்பவர்களைப் பற்றி மாநில அரசின் சரிபார்ப்பு உண்டு. தாசில்தார் அலுவலகத்தில் என்ன சொல்வார்கள்? ஊர் தனுஷ்கோடி, பள்ளிக்கூடம் கடலுக்குள், பதிவேடு இல்லை. வேடிக்கையும் வேதனையும் கலந்து குறைந்தது மூன்று அத்தியாயம் வரும்.

கல்யாணம் பதிவு செய்ய முடியாது. ஆனால் குயர் இணைகள் கூட்டு வங்கிக் கணக்கு தொடங்கவும், ஒருவரையொருவர் நாமினி போடவும் தடையில்லை என்று மத்திய நிதி அமைச்சகம் 2024 ஆகஸ்டில் தெளிவுபடுத்தியது. ரேஷன் கார்டுக்கும் அவர்களை ஒரே குடும்பமாகக் கருதலாம் என்று அறிவுறுத்தல் வந்தது. உங்கள் கதை நடக்கும் அதே குரோதியில்! தாலி கட்டும் காட்சிக்குப் பதில் வங்கிக் கவுண்டரில் நாமினி படிவம் நிரப்பும் காட்சி. உறவு என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று டீச்சர் பேனாவோடு யோசிக்கட்டும். ஆசிரியை அல்லவா, காலியாக விட மனம் வராது.

ஒரு ஓட்டையை மறக்காதீர்கள். டீச்சர் 2024க்கு வந்துவிட்டால் 1965 முதல் அவரைத் தேடும் குடும்பம் ஒன்று இருக்கும். புயலில் போய்விட்டார் என்று அழுது முடித்திருப்பார்கள். தம்பி ஒருவர் 2024இல் 75 வயதில் உயிரோடு இருந்தால்? டீச்சர் போய்ப் பார்ப்பாரா? அந்தக் காட்சியைத் தவிர்த்தால் புத்தகத்தை மூடியதும் வாசகர் உங்களைக் கேட்பார்.

கேள்வி: எத்தனை பக்கம், எத்தனை அத்தியாயம்? நெருக்கமான காட்சிகளை எவ்வளவு விரிவாக எழுதலாம்? (ஈரோடு)

பதில்: முதல் நாவலுக்கு 45,000 முதல் 50,000 சொல். டெம்மி என்ற புத்தக அளவில் பக்கத்துக்கு ஏறத்தாழ 200 சொல் என்று வைத்தால் 225 முதல் 250 பக்கம். 1,200 முதல் 1,500 சொல்லில் 35 அத்தியாயம் சரியாக இருக்கும். இருவரும் சந்திப்பது மூன்றாம் அத்தியாயத்தைத் தாண்டக் கூடாது. வேறு காலத்தில் இருக்கிறோம் என்பது ஆறு ஏழுக்குள் தெரிந்துவிட வேண்டும். புயலைக் கடைசி அத்தியாயத்தில் வைக்காமல் இருபத்து நான்கு, இருபத்தைந்தில் வையுங்கள், பின்னால் எழுத இடம் வேண்டும்.

நெருக்கமான காட்சிக்கு அளவுகோல் ஒன்றுதான்: அதை எடுத்துவிட்டால் கதையில் ஏதாவது குறைகிறதா? குறைந்தால் வைத்துக்கொள்ளுங்கள். எந்த அளவு விரிவு என்பதை முதல் காட்சியிலேயே முடிவுசெய்து கடைசிவரை அதே அளவில் போங்கள். முதலில் கதவைச் சாத்திவிட்டு முப்பதாம் அத்தியாயத்தில் திடீரென்று எல்லாவற்றையும் திறந்தால் வேறு யாரோ எழுதியது போல இருக்கும்.

கையெழுத்துப் பிரதி முடிந்ததும், நீங்கள் குயர் சமூகத்தைச் சேர்ந்தவர் இல்லையென்றால், சேர்ந்த இருவரிடமாவது படிக்கக் கொடுங்கள். ஓசியில் கேட்காதீர்கள், அது உழைப்பு, கூலி கொடுங்கள். ராமேஸ்வரம் தீவுக்காரர் ஒருவருக்கும் ஒரு பிரதி போகட்டும்; காற்று எந்த மாதம் எந்தப் பக்கமிருந்து அடிக்கும் என்பதை அவர்தான் திருத்துவார்.